ஆரம்பநிலையினருக்கான முழுப் பெட்டி

அன்புள்ள போர்கில்ட் அத்தைக்கு,

தூவா எழுதிக்கொள்வது. உங்களுக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத மாப்பிள்ளை நில்ஸ்-இவர் மாமாவுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும் வந்து சேரட்டும். இங்கே அப்பா நலம், அம்மா நலம். ஆடுகள் மேய்ச்சலுக்கு மலை ஏறிவிட்டதால் அவையும் நலமாகவே இருக்கும் என்று நம்புகிறோம். நாய் பாம்சே நலமா இல்லையா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லாம் அதனிடமிருந்துதான் தொடங்கியது. போன வாரம் ஒரு காலையில் அது வந்து என் முழங்காலில் தலையை வைத்தபோது அதன் வாயிலிருந்து ஆரஞ்சுப் பழ வாசனை வந்தது. அன்று எங்கள் வீட்டில் ஆரஞ்சுப் பழமே இல்லை.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்கு “ம்”, “இல்ல”, “அப்பாகிட்ட குடுக்கறேன்” இவை மட்டும்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பேனாவைப் பிடித்தால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் வார்த்தைகள் வரிசையில் நின்று வருகின்றன, இப்போது எனக்கிருக்கும் சந்தோஷத்தில் வரிசையை உடைத்துக்கொண்டும் வருகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் ஆரஞ்சு வாசனை வீசுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், அது பழமில்லை, நம் ஈஸ்ட். நீங்கள் கல்யாணச் செய்தி சொன்ன அன்று “எனக்குப் பரிசு ஒண்ணும் வேணாம், வீட்டு பீர் ஒரு பீப்பாய் இருந்தாப் போதும்” என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. பால் வண்டிக்காரர், கால்நடை டாக்டர், வழி கேட்க நின்ற ஜெர்மன்காரர்கள் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி பெர்கன்ல ஒரு டப்பா பீர்க்காரரைக் கட்டிக்கப் போறா. பாவம், வாழ்நாள் பூரா தகர டப்பாவுல குடிச்ச மனுஷன். சனிக்கிழமை கல்யாணத்துலதான் அவருக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே தெரியப் போவுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உற்சாகத்தில் உறைபெட்டியிலிருந்து ஈஸ்ட் ஜாடியை எடுத்தார், காய்ந்த செதில்கள் நன்றாக இருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து முகர்ந்தார், அடுப்பங்கரை பெஞ்சில் வைத்தார், பீப்பாயின் இரும்பு வளையத்தைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். நம் ஈஸ்ட் செதில்கள் பார்ப்பதற்கு ரொட்டித் தூள் மாதிரி இருக்கும் என்பதை நானும் கவனித்ததில்லை, நாய் கவனித்திருக்கிறது. நான் ஓடிப்போய் “அப்பா, நாய்…” என்றேன். என் குரலில்தான் சொன்னேன். அப்பா சுத்தியலோடு இருந்தார். அடுத்து அவர் திரும்பிப் பார்த்தபோது பாம்சே வெறும் ஜாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

அப்பா அதன் முன்னால் மண்டியிட்டு “துப்பு! துப்புடா ராசா!” என்று கெஞ்சினார். அது ஏப்பம் விட்டது. வீடே மணத்தது. அப்பா நாயின் வயிற்றையும் பீர் நொதிக்க வைக்கும் மரத்தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா வாசலில் நின்றபடி, “அதத் தொட்டியில எறக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க” என்றாள். அப்பா “ச்சே ச்சே” என்றார், ஆனால் சற்றுத் தாமதமாகத்தான் சொன்னார்.

இதற்கெல்லாம் நம் பள்ளத்தாக்கில் வழி உண்டு. யார் வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போனாலும் பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள், நாளைக்கு அவர்களுடையது கெட்டால் நாம் கொடுப்போம். பக்கத்து வீட்டு ஷூர் மாமாவிடம் இப்போது இருப்பதே அப்பா முன்பு கொடுத்ததுதான். ஆனால் அப்பாவும் ஷூர் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம் உங்களுக்கு முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். பெர்கனுக்குப் போய் இத்தனை வருடமானாலும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இங்கே பீர் நன்றாக இருந்தால் “மோசமில்ல” என்று சொல்ல வேண்டும். ரொம்ப ரொம்ப நன்றாக இருந்தால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு “மோசமில்ல” என்று சொல்ல வேண்டும். போன கிறிஸ்துமஸ் பீரை எல்லோரும் ருசி பார்க்க வந்த மாலையில் ஷூர் மாமா ஒரு வாய் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார், அத்தனை பேர் முன்னாலும் “ஆகா, பிரமாதம்!” என்றார். அப்பாவின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. “பிரமாதமா? என்னை என்னன்னு நெனச்சுட்டான்? பேசாம மூஞ்சில துப்பிட்டுப் போயிருக்கலாம்!” என்று வாரக்கணக்கில் புலம்பினார். அன்றிலிருந்து பொது வேலியைக்கூட ஆளுக்கொரு பக்கமாக, வேறு வேறு நாளில்தான் செப்பனிடுகிறார்கள்.

“அவன் வாசல்ல போய் நிக்கறதுக்குப் பதிலா நான் மோரைக் குடிச்சுட்டுத் தங்கச்சி கல்யாணத்துல ஆடுவேன்” என்று அப்பா நாயைப் பார்த்துச் சபதம் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “தூவா, அந்தக் கம்ப்யூட்டர்ல ஈஸ்ட் விக்கறாங்களாமே?” என்றார்.

அத்தை, நீங்கள் ஆன்லைன் கடைக்குப் போயிருக்கிறீர்களா? சட்டை வாங்கும் கடையைச் சொல்லவில்லை, பீர் காய்ச்சுவதற்கான கடையைச் சொல்கிறேன். யாரும் “என்ன வேணும்மா?” என்று கேட்பதில்லை. எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் முறைப்பதில்லை. முளைகட்டி வறுத்த பார்லி, அதான் மால்ட், அது மட்டுமே பக்கம் பக்கமாக இருக்கிறது, ரொட்டி நிறம், தேன் நிறம், கரி நிறம். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவில் மாம்பழ வாசனை உள்ளதாம், பைன் மர வாசனை உள்ளதாம், ஒன்றில் “பூனையை லேசாக நினைவூட்டும்” என்று எழுதியிருந்தது, அதற்கும் ஐந்து நட்சத்திரம். நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது: “வணக்கம், நான் யோவாகிம், உங்களுக்கு உதவட்டுமா?” நேரில் என்றால் நான் கதவைப் பார்த்து ஓடியிருப்பேன். எழுத்தில் என்பதால் உட்கார்ந்து பதில் எழுதினேன். அப்பா பெயரில் கணக்குத் திறந்திருந்ததால் அவர் என்னை ஒட்வர் என்றே நினைத்துக்கொண்டார். “உங்க வீட்ல என்னென்ன சாமான் இருக்கு?” என்று கேட்டார். செம்புக் கொப்பரை, மரத்தொட்டி, வடிகட்ட ஜூனிப்பர் புதர்க் கிளைகள் என்று எழுதினேன். “வெப்பமானி?” என்றார். அப்பாவின் முழங்கை என்று எழுதப் போய், நான்தானே அப்பா என்று நினைவு வந்து, “என் முழங்கை” என்று எழுதினேன். பிறகு, “ஒட்வர், நீங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறது நல்லதுன்னு தோணுது” என்று ஒரு பெட்டியைக் காட்டினார். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, மூடியில் பொருத்தும் சின்னக் கண்ணாடிக் குழாய், மிதக்கும் அளவுக்கோல், உறிஞ்சு குழாய், கிருமிநாசினிப் பொடி, ஈஸ்ட் பொட்டலம், மேல்சட்டை அழுக்காகாமல் கட்டிக்கொள்ள ஒரு துணி இலவசம். கூடவே மால்ட் மூட்டைகள். நான் பொத்தானை அழுத்தினேன். “உங்கள் பீர் காய்ச்சும் பயணம் இனிதே தொடங்குகிறது!” என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. எனக்காக யாரும் இதுவரை காகிதம் பறக்கவிட்டதில்லை அத்தை.

தனி ஈஸ்ட் வாங்காமல் பெட்டியையே ஏன் வாங்கினாய் என்று அம்மா கேட்டாள். பெட்டியிலேயே ஈஸ்ட் இருக்கிறதே என்றேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கண்ணாடிக் குழாய் “ப்ளுப்” என்று குமிழி விடும் படத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கை நிற்கவில்லை.

பெட்டி வந்தது. தபால் எல்லாம் இப்போது மோல்ஃப்ரி அக்காவின் மளிகைக் கடைக்குத்தான் வருகிறது, அப்பாவும் நானும் போனோம். பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு எழுத்தில், பேருந்திலிருந்து படிக்கிற அளவுக்கு, “ஆரம்பநிலையினருக்கான முழுப் பெட்டி: இனி நீங்களும் காய்ச்சலாம்!” என்று போட்டிருந்தது. மோல்ஃப்ரி அக்கா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “யாருக்கு ஒட்வர் இது? ஆடுங்களுக்கா?” என்று கேட்டாள். ரொட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஷூர் மாமா.

அப்பா அவ்வளவு வேகமாக யோசித்து நான் பார்த்ததே இல்லை. பெட்டியைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு, கூரையைப் பார்த்து, “பொண்ணுக்கு. அவளுக்குத்தான் இந்த ஆசையெல்லாம்” என்றார். ஷூர் மாமா அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்து பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார், “ஈஸ்ட் உள்பட” என்று எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

“அப்போ கல்யாண பீர் நீதான் காய்ச்சப் போறியா தூவா?”

நான் “ம்” என்றேன்.

“அப்போ கூவலும் நீதான் போடணும்.”

எனக்குக் காது வரை சுட்டது.

“நான் வாசல்லயே உக்காந்திருப்பேன். கேக்கற மாதிரி கூவு” என்று சொல்லிவிட்டு, எடுத்த ரொட்டியை மறந்து வெளியே போனார்.

வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் அப்பா வண்டியின் ஸ்டியரிங்கோடு சண்டை போட்டார். “அவன் கேக்கணுமாம்! கேட்டா வருவான்! வந்தா வெரட்ட முடியாது!” ஈஸ்ட்டைத் தொட்டியில் ஊற்றும்போது கூவாவிட்டால் பீர் சோம்பிப் படுத்துவிடும், அதனால் கூவித்தான் ஆக வேண்டும். ஆனால் கூவலைக் கேட்டவர் யாராக இருந்தாலும் பீர் தயாராகும் நாளில் கோப்பையோடு வரலாம், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அப்பாவுக்கு இரண்டு வழக்கமும் வேண்டும், ஷூர் மட்டும் வேண்டாம். அப்பா ரகசியம் சொன்னாலே மலையில் ஆடுகள் திரும்பிப் பார்க்கும், அவர் கூவினால் என்ன ஆகும்? வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெதுவாக விளக்கு எரிந்தது. “தூவா! நீயே கூவு! நீ கூவினா தொட்டிக்குக் கேக்கும், தொட்டியத் தாண்டி ஒரு ஈக்குக் கேக்காது!” வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னதற்காகப் பள்ளியையே விட்டவள் நான். என் குரலுக்கு வீட்டில் ஒரு வேலை கிடைத்தது இதுதான் முதல் முறை.

இன்றைக்குக் கொட்டகையில் காய்ச்சினோம். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! மால்ட்டை அரைத்து அனுப்பச் சொல்லும் கட்டத்தில் நான் குறி போடாததால் முழுத் தானியமாக வந்துவிட்டது, அதை ஆட்டுத் தீவன இயந்திரத்தில் அரைத்தோம். (அம்மா: “மாப்பிள்ளை ‘மே’ன்னு கத்தினா அதுக்கு நான் பொறுப்பில்ல.”) ஜூனிப்பர் கிளைகளைக் கொதிக்க வைத்தோம், கொப்பரைக்கு விறகு போட்டோம், புகை நேராக மேலே போனது. கிருமிநாசினிப் பொடியை அப்பா கையில் வைத்துப் பார்த்து, “இது எதுக்கு? பீருக்கு ஆபரேஷனா பண்ணப் போறோம்?” என்று ஜன்னலில் வைத்தார். அளவுக்கோலைப் பாம்சே எடுத்துக்கொண்டு போய்விட்டது. இலவசத் துணியை அப்பா கட்டிக்கொண்டார், அதிலும் “ஆரம்பநிலை” என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தார், திருப்பிக் கட்டிக்கொண்டார்.

தொட்டிக்கு வடித்த மால்ட் சாறு ஆறிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியில் வந்த தாளைப் படித்தேன். இந்த ஈஸ்ட்டை இருபது டிகிரிக்கு ஆறிய பிறகுதான் போட வேண்டும், சூடாக இருந்தால் தாங்காது, போட்ட பின் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. “அப்பா, இதுல…” என்றேன். அப்பா முழங்கையைத் தொட்டியில் விட்டு, “கறந்த பால் சூடு! இதான் பதம்! என்ன சொன்ன?” என்றார். “இருபது டிகிரின்னு…” என்றேன். “சத்தமாச் சொல்லு!” என்றார். நான் தாளை நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் சாறு அலையடித்தது. “இருபதா? குளுர்ல வெறைச்சுச் செத்துப்போவும் பாவம்! மூணு வாரமா? பீர் காய்ச்சறானுங்களா, பன்னி வளக்கறானுங்களா? ஈஸ்ட்டுன்னா ஈஸ்ட்டுதான். வெதுவெதுப்பாப் போடு, நாளன்னிக்கு ரெடி.” அப்பா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

பிறகு ஜன்னல்களில் கோணி அடைத்தார். கதவைச் சாத்தி, இடுக்கில் தன் ஸ்வெட்டரைத் திணித்தார். நான் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினேன். அப்பா கை காட்டினார். நான் கூவினேன். எப்படிக் கூவினேன் என்று கேட்காதீர்கள், ஒரு கோழிக்குஞ்சு தும்மினால் இருக்குமே, அப்படி. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, “கச்சிதம்! கச்சிதம்! என் பொண்ணு!” என்றார். தொட்டிமேல் கம்பளி போர்த்தினோம். எனக்காக ஒரு குடம் சாறு மட்டும் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, அந்தக் கண்ணாடிக் குழாயையும் மாட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும் அறையிலிருந்து அது தெரிகிறது. எந்த நிமிடமும் “ப்ளுப்” சொல்லும்.

ஆகவே அத்தை, நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். கல்யாண பீர் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஷூர் மாமா எதுவும் கேட்கவில்லை, அதனால் வரமாட்டார், அதனால் சண்டையும் வராது. நில்ஸ்-இவர் மாமாவிடம் முதல் வாய் குடித்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிக்கொடுங்கள், “பிரமாதம்” என்று சொல்லிவிடப் போகிறார். நாளைக் காலைப் பேருந்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வாழ்க்கை பொங்கி நுரைத்து, பீப்பாய் காலியாகாமல், என்றும் நிறைந்திருக்க வேண்டும். அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அப்பாவும் சொன்னார், அது உங்களுக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தூவா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நாய் தின்றதைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். கடிதத்தை மடித்துவிட்டுப் பார்த்தேன், கண்ணாடிக் குழாய் அசையவே இல்லை. கொட்டகைக்குப் போனேன். அப்பா கம்பளியை விலக்கி, தொட்டியின் மரத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரை இல்லை, வாசனை இல்லை, குளம் மாதிரி கிடந்தது. “ஒண்ணுமே கேக்கல தூவா” என்றார். மெதுவாகச் சொன்னார். அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “எனக்கு அவ ஒரே தங்கச்சி. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா” என்று இன்னும் மெதுவாகச் சொன்னார். நம் ஈஸ்ட்டுக்குப் பதமான சூடு அந்த ஈஸ்ட்டை அவித்துவிட்டது. தாளில் எழுதியிருந்தது, எனக்குத் தெரிந்திருந்தது, நான் சத்தமாகச் சொல்லவில்லை.

நான் அம்மாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலிக்கு ஓடினேன். ஷூர் மாமா ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில், தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். “ஷூர் மாமா” என்றேன். ஓடைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி வாயைத் திறந்தபோது வார்த்தை எதுவும் வரவில்லை, கூவல்தான் வந்தது. அத்தை, அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடிவயிற்றில் கிளம்பி, மலையில் மோதி, திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது. மோல்ஃப்ரி அக்கா கடை வாசலுக்கு வந்து பார்த்தாளாம். ஷூர் மாமா எழுந்து நின்றார், பக்கத்தில் இருந்த எதையோ எடுத்துக்கொண்டு, பாலத்துக்குக்கூடச் சுற்றாமல், ஓடையிலேயே இறங்கி நடந்து வந்தார். கையில் ஒரு ஜாடி.

“காலைல பொகை தெரிஞ்சுது, கூவல் வரல. பொட்டியப் பாத்தப்பவே சந்தேகம்தான். உங்க வீட்டு ஈஸ்ட்டுதான், கொஞ்ச காலம் எங்க வீட்ல தங்கியிருந்துது” என்று வேலிமேல் ஜாடியை நீட்டினார். பிறகு ஈரக் காலணியைப் பார்த்துக்கொண்டு, “உங்கப்பன்கிட்ட சொல்லு. அன்னிக்கு பீர் நெசமாவே அவ்ளோ நல்லா இருந்துது. வாய் தவறி உண்மையச் சொல்லிட்டேன்” என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

“கூவல் மோசமில்ல” என்றார்.

ஜாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். முதலில் ஜன்னல் கோணிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பிறகு கதவை அகலத் திறந்து வைத்தேன்.